சென்னிமலை மச்சானின் வெள்ளைப் பொடி

பஸ்ஸில் சென்னிமலை மச்சான் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். தெரியாமல் உட்கார்ந்தவர்களும் அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவர் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஒரு டிக்கெட்டு, ரெண்டு சீட்டு. கவர்மெண்டு பஸ்ஸுல வேற எவனுக்கு மாப்ள இந்த வசதி?" என்று காலை நீட்டிக்கொள்வார்.

அது மெத்தியோனின் வாசம். அழுகின முட்டைக்கோஸைக் கந்தகத்தோடு சேர்த்துக் கிளறின மாதிரி இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற சாலையில், கைலாசம் என்பவருடைய கோழிப்பண்ணையை ஒட்டித் தீவன ஆலை ஒன்று இருக்கிறது. மச்சான் அங்கே கலவைக்காரர். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் எல்லாம் மூட்டை மூட்டையாக இயந்திரத்துக்குள் போகும். கடைசியாகப் போவது கொஞ்சமே கொஞ்சம்: மெத்தியோனின், லைசின், திரியோனின் என்று வெளிநாட்டுச் சாக்குகளில் வருகிற அமினோ அமிலப் பொடிகள். ஆலையில் அவற்றுக்குச் 'சில்லறை' என்று பெயர். சில்லறையை நிறுத்துப் போடுவது மச்சான் பொறுப்பு. பெரிய சாமான் நாலு கிலோ கூடக் குறைய விழுந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சில்லறை பிசகினால் ஒரே வாரத்தில் முட்டை காட்டிக் கொடுத்துவிடும்.

சென்னிமலை என்பது ஊர் இல்லை, அவர் பெயர்; நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காட்டுக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். மூட்டை தூக்க வந்து, முதுகு போனபின் கலவைக்கு மாறினார். என் அக்காள் ஆத்தாயியை அவருக்குக் கட்டிக் கொடுத்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அப்பா இல்லாத என்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டது மச்சான்தான். விடுதி அறையில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் போனதும், உடன் தங்கியிருந்தவன், "உங்கப்பா கேஸ் ஏஜென்சியிலயா இருக்காரு? சிலிண்டர் கசியற மாதிரியே இருக்கு" என்றான். ஊருக்குப் போனபோது அதைச் சொன்னேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு உடைசல் முட்டை தருவார்கள். ஓடு கீறியது, ஒரு பக்கம் நசுங்கியது, லாரிக்கு ஆகாதது. அவரவர் வீட்டிலிருந்து அட்டை ட்ரே கொண்டுபோக வேண்டும். போன வாரத்து ட்ரேயைக் கொடுத்தால் இந்த வாரத்து ட்ரே. அந்தச் சுற்று வட்டாரத்தில் பண்ணை வேலைக்காரர் வீடு எதிலும் கடையில் முட்டை வாங்கிப் பழக்கம் கிடையாது. கல்யாணத்துக்குக்கூட வாங்கியதில்லை. முட்டை என்றால் அது வீட்டுக்கு வரும். அவ்வளவுதான்.

ஒரு வருஷம் பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் புகுந்துவிட்டது. தினமும் செத்த கோழியைச் சாக்கில் அள்ளினார்கள். நாமக்கல்லிலிருந்து கலைமணி என்கிற கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். தடுப்பூசி, தண்ணீரில் மருந்து எல்லாம் சொல்லிவிட்டு, தீவனத்தில் சில்லறையைக் கூட்டச் சொன்னார். கைலாசத்துக்கு அது பிடிக்கவில்லை.

"சீக்காக் கெடக்கற கோழி தீனியே எடுக்கறதில்ல. அதுக்குப் போயி வெலை ஒசந்த சரக்கக் கொட்டச் சொல்றீங்களே அம்மிணி?"

"தீனி கொறஞ்சதுனாலதான் கொட்டச் சொல்றனுங்க" என்றார் டாக்டரம்மா. மச்சான் அப்போது பக்கத்தில் நின்றிருந்தார். அந்தப் பேச்சை அவர் வரிக்கு வரி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "கிருமி உள்ள போனதும் ஒடம்புல இருக்கற எதிர்ப்புச் செல்லு சும்மா இருக்காதுங்க. ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். ஒவ்வொண்ணும் புதுசா ஒரு ஒடம்பு கட்டோணும். அதுக்கு அமினோ அமிலந்தான் சாமான். ஒரு செல்லு அர்ஜினின எடுத்து விஷக்காத்து மாதிரி ஒண்ணப் பண்ணிக் கிருமி மேல ஊதுது. கொடலுக்குள்ள வழவழன்னு ஒரு பூச்சு இருக்குதே, அதுக்குத் திரியோனின் வேணும். மெத்தியோனின் பத்தலீன்னா செல்லு பெருகறதே நின்னு போயிருமுங்க."

"தீவனத்துல கெடைக்கலீன்னா?" என்றார் கைலாசம்.

டாக்டரம்மா ஒரு கோழியைப் பிடித்து, இறகை விலக்கி, நெஞ்சைத் தடவிக் காட்டினாராம். நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. "கெடைக்கலீன்னா தன்ற கறியவே கரைச்சு எடுத்துக்குமுங்க. இது அப்படித் தின்னதுதான்."

அன்றிலிருந்து மச்சானுக்கு யாரைப் பார்த்தாலும் நெஞ்செலும்பைப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. ஆட்டைத் தடவிப் பார்ப்பார். விடுமுறைக்குப் போனால் என் சட்டைக்குள் கையை விட்டு, "ஹாஸ்டல் தீனியில சோயா கம்மியாட்ட இருக்குது. ஆத்தா, உன்ற தம்பிக்கு நாலு முட்டைய ஊத்து" என்பார்.

இன்னொரு சமயம் சோயா விலை ஏறியது. கைலாசம் சோயாவைப் பாதியாக்கி, ஈடுகட்ட மெத்தியோனினை இரட்டிப்பாக்கச் சொன்னார். மச்சான் சொன்னதைச் செய்தார். இரண்டு நாளில் தீவனத் தொட்டி போட்டது போட்டபடி கிடந்தது. கோழிகள் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டன. மறுபடி பழைய கணக்குக்கே போனார்கள். "சோயா இல்லாத தீவனத்துல சில்லறையக் கொட்டுனா கோழி வாயே வெக்காது மாப்ள. எல்லாம் ஒண்ணாப் போனாத்தான் ஆவும்" என்று அவர் என்னிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. என் கசப்பெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் வந்து நிற்கிறது. அவருக்குத் தெரியாது என்று சொல்லி ஆறுதல்பட எனக்கு வழியில்லை.

போன வருஷம் ஐப்பசியில் மச்சானுக்கு இருமல் பிடித்தது. மக்காச்சோளத் தூசி என்றார்கள். மார்கழியில் சளியில் ரத்தம் வந்தது. சோதித்தார்கள். காசநோய்.

அரசாங்கத்துக் காசநோய்ப் பிரிவிலிருந்து தனப்பிரியா என்கிற பெண் ஸ்கூட்டரில் வந்து மாத்திரை கொடுத்தாள். சின்ன வயசு, கறாரான பேச்சு. ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை விழுங்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு முட்டையாவது சாப்பிட வேண்டும் என்றாள்.

"முட்டக்காரன்கிட்டயே வந்து முட்ட திங்கச் சொல்றீங்களே அம்மிணி!" என்று மச்சான் சிரித்தார். "ரெண்டு என்ன, ஆறு தின்னுபோடறேன். எங்களுக்குத் தெரியாததா? செல்லு சண்டை போடோணும்னா சாமான் வேணும்."

"அட, அதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே!"

"கோழிக்குப் போட்டுப் போட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுங்க."

கைலாசம் நேரில் வந்து, வாசலுக்கு வெளியே காரில் உட்கார்ந்தபடியே பேசிவிட்டுப் போனார். குணமாகும் வரை ஆலைப் பக்கம் வர வேண்டாம். வேலை எங்கேயும் போகாது. நல்லவிதமாகத்தான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை அக்காள் ட்ரேயை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். வாசலில் மேற்பார்வையாளர் மோகன்குமார் தடுத்தார்.

"அக்கா, அந்த ட்ரேய உள்ள வாங்கக் கூடாதுன்னுட்டாருங்க மொதலாளி. சீக்கு ஊட்டு ட்ரே பண்ணைக்குள்ள வரப்படாதாம்."

"செரி, ட்ரே வேண்டாம். போசியில வாங்கிக்கறேன்."

மோகன்குமார் தலையைச் சொறிந்தார். "வேலைக்கு வாரவங்களுக்குத்தானுங்கக்கா ஒடசலு. நான் என்ன பண்ணட்டும்?"

அக்காள் வெறும் ட்ரேயோடு திரும்பி வந்தாள். வழியில் மளிகைக் கடையில் முட்டை வாங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவை. மச்சான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பையில் முட்டை, எல்லாம் முழுசு, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க வாங்குன?"

"கடையிலதானுங்க."

அவித்து வைத்ததை அவர் தொடவில்லை. மறுநாள் காலை குளித்து, மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நான் மாரியாத்தாளுக்குச் சட்டி எடுக்கறன்னு வேண்டிக்கிட்டேன் ஆத்தாயி. நோம்பி முடியற வரைக்கும் கவுச்சி வேண்டாம். முட்டையும் வேண்டாம்."

எங்கள் பக்கம் திருவிழாவை நோம்பி என்போம். பங்குனியில் மாரியம்மன் நோம்பிக்குக் கோயில் முன்னால் கம்பம் நட்டதிலிருந்து ஊரே கவுச்சி சமைக்காது. நெருப்புச் சட்டி எடுக்கிறவர்கள் அதற்கு வெகு முன்பே மஞ்சள் கட்டி, ஒருவேளைச் சோறோடு விரதம் இருப்பார்கள். மச்சான் தை மாதமே ஆரம்பித்துவிட்டார். அக்காள் பிறகு என்னிடம் சொன்னாள்: "ஆத்தா மேல பக்தியாடா அது? இத்தன வருசம் கும்பிட்டதே இல்லையே. ஒடசல் வரலைன்னு ஆரும் சொல்லீரக் கூடாதுல்ல. அவராத்தான் வேண்டாம்னாருன்னு ஆகோணும். அதுக்குத்தான்."

விரதம் என்று சொன்னபின் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. நான் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிப் பார்த்தேன். "மாப்ள, நீ படிச்சவன், செரி. ஆனா சாமிகிட்ட சொல்லிட்டு மாத்தறது படிப்புல இல்ல" என்றார். தனப்பிரியா கோபித்துக்கொண்டாள்.

"ஆத்தா வந்து உங்ககிட்ட முட்டை தின்னாதேன்னு சொன்னாங்களா?"

"நீங்க மாத்தர குடுங்க அம்மிணி. ஆத்தாள நான் பாத்துக்கறேன்."

"செரி, முட்டை வேண்டாம். பருப்பு தின்னுங்க. கொண்டைக்கடலை, நெலக்கடலை. அதுல கவுச்சி இல்லீல்ல?"

தலையாட்டினார். அக்காள் தினமும் சுண்டல் வேகவைத்தாள். முதல் வாரம் தின்றார். பிறகு ஒரு கை அள்ளி வாயில் போட்டுவிட்டுத் தள்ளிவைத்தார். குமட்டுகிறது என்றார். பச்சரிசிக் கஞ்சி மட்டும் இறங்கியது. மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள் பக்கத்து வீட்டில். தனப்பிரியாவும் கொஞ்ச நாள் அப்படியே நினைத்தாள்.

கஞ்சியில் காலையும் மாலையும் ஒரு கரண்டி வெள்ளைப் பொடி கலந்து குடித்தார். சத்துமாவு வருகிற பழைய டப்பாவில் அதை வைத்திருந்தார். அக்காள் கேட்டதற்கு, மாத்திரையோடு கொடுத்த சத்துப் பொடி என்றார். அவளுக்கு அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மாசியில் எடை பார்க்க நாமக்கல்லுக்கு நான்தான் அழைத்துப் போனேன். பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து கம்பியைப் பிடித்து நின்றாள். மச்சான் என்னை இடித்தார்.

"பாத்தியா? ஒடம்பு எளைச்சாலும் சீட்டு எளைக்கல."

ரொம்ப நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எடை குறைந்திருந்தது. வெளியே வந்து இளநீர் வாங்கிக் கொடுத்தேன். என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்தார். சட்டைக்குள் எலும்பு கூராக முட்டியது.

"நெஞ்செலும்பு எப்படி மாப்ள?"

"ரெண்டு முட்டை தின்னா ஒண்ணும் இருக்காது மச்சான்."

"நோம்பி முடியட்டும். அப்பறம் பாரு, டஜன் கணக்குல திங்கறேன். அதுவரைக்கும் உள்ள இருக்கற செல்லுக்கு வேண்டியத நான் போட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்."

கடலையைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பங்குனியில் கம்பம் நட்டார்கள். நோம்பி அன்று காலை நான் போனபோது தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஓடியது. மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு, உடம்பெல்லாம் அரைத்த மஞ்சள், கழுத்தில் வேப்பிலை மாலை. அந்தக் கோலத்தில் பத்திருபது பேர் நின்றார்கள். நடுவில் மச்சான். மற்றவர்களைவிட அவர் மேல் மஞ்சள் அதிகமாக ஏறியிருந்த மாதிரி இருந்தது. தாரை தப்பட்டை முழங்க நெருப்புச் சட்டியைக் கையில் வாங்கினார். கால் தடுமாறியது. இரண்டு பேர் தோளைத் தாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்கள்.

"மொகத்தப் பாருடி, தங்கமாட்டம் ஜொலிக்குது" என்றாள் ஒரு கிழவி. "ஆத்தா எறங்கீட்டா."

சட்டி எடுத்து வருகிறவர்களின் காலில் வீட்டுக்கு வீடு மஞ்சள் நீர் ஊற்றிக் கும்பிடுவது வழக்கம். கைலாசம் தன் வீட்டு வாசலில் பட்டு வேட்டியோடு குடும்பத்தோடு நின்றார். மச்சான் வந்ததும் குனிந்து, தன் கையாலேயே குடத்துத் தண்ணீரை அவர் காலில் ஊற்றி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வீட்டு ட்ரேயைத் தன் பண்ணைக்குள் விடாத மனிதர். மச்சான் திருநீறு அள்ளி அவர் நெற்றியில் பூசினார். அன்று அவருக்கு இருந்த நிறைவைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் யாரும் அவரை விட்டு எழுந்து போகாத ஒரே நாள் அது.

மறுநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். துணி மஞ்சள் போயிற்று. தோல் மஞ்சள் போகவில்லை. அக்காள் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தாள். "நாமகிரிப்பேட்ட மஞ்சளாக்கும், அத்தன லேசுல போவுமா" என்று அவர் தூக்கக் கலக்கத்தில் உளறினார். அன்று அவித்து வைத்த முட்டையில் பாதியை வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டார். பேச்சு குழறியது. அக்காளைப் பார்த்து, "சோயா லாரி வந்துருச்சா?" என்று கேட்டார்.

தனப்பிரியா அடுத்த நாள் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து அவர் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"எத்தன நாளா அக்கா கண்ணு இப்படி இருக்கு?"

"நோம்பி மஞ்சளுதானே அம்மிணி?"

"கண்ணுக்குள்ள ஆராவது மஞ்சள் பூசுவாங்களா?" என்றவள், அப்போதே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

காசநோய் மாத்திரை சிலருக்கு ஈரலைக் கெடுக்கும். சீக்கிரம் தெரிந்தால் நிறுத்திவிட்டு வேறு மாத்திரை கொடுப்பார்கள். கண் மஞ்சளாவதுதான் அதற்கு அடையாளம். அவர் ஊரோடு சேர்ந்து மஞ்சளாக நின்றதால் அது யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பரிசோதித்த டாக்டர் மூச்சை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார். "இவர் என்ன வேலை செய்யறார்?"

"தீவன ஆலையில கலவைக்காரருங்க. மெத்தியோனின் வாசம் அது. எப்பவும் அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"கடைசியா எப்ப வேலைக்குப் போனார்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மார்கழியில். இது பங்குனி. தினமும் குளித்து, விரதம் இருந்த மனிதர். நான் அக்காளைப் பார்த்தேன். அவள் எழுந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த துணிப்பையை அவிழ்த்தாள். மாத்திரையும் டப்பாவும் அதில்தான் இருந்தன. டாக்டர் மூடியைத் திறந்தார். அந்த அறையே ஆலை மாதிரி ஆகிவிட்டது.

ஆலையை விட்டு வந்த கடைசி நாளில், எதற்கும் இருக்கட்டும் என்று மெத்தியோனின் சாக்கிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். விரதம் என்று ஆனபின் அது கைகொடுத்திருக்கிறது. அது கவுச்சி இல்லை. எந்த உயிரும் போட்டதில்லை, எதையும் அறுத்ததில்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்த வெள்ளைத் தூள். அம்மனுக்குக் கொடுத்த வாக்கும் தப்பாது, செல்லுக்கும் சாமான் போய்விடும். அவ்வளவு கோழியைத் தேற்றிய பொடி ஒரு மனிதனைத் தேற்றாதா என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "எதிர்ப்புச் செல்லுக்கு அமினோ அமிலம் வேணும்கறது சரிதான். ஆனா எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து வரணும். முட்டையில அப்படி வருது. ஒண்ண மட்டும் கரண்டி கரண்டியாப் போட்டா அதை வெச்சு ஒண்ணும் கட்ட முடியாது. குமட்டும், பசி போயிடும். சாப்பாடு குறையக் குறைய உடம்பு தன் சதையையே கரைக்கும். நல்ல ஈரலா இருந்தா மிச்சத்தை எரிச்சுத் தள்ளியிருக்கும். இவருக்கு மாத்திரையால ஈரலும் போயிடுச்சு. இந்தப் பொடிதான் இவரை இப்படிக் கிடத்திடுச்சுன்னு நான் எழுத மாட்டேன். ஆனா உதவலை."

சோயா இல்லாத தீவனம். கோழிகூட மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துபோன தீவனம். அதைத்தான் அவர் இரண்டு மாதம் குடித்தார். குமட்டியபோது அவருக்கு அந்தத் தொட்டி நினைவுக்கு வந்திருக்காதா என்று யோசித்துப் பார்க்கிறேன். வந்திருக்கும். நோம்பி முடிந்துவிட்டால் முட்டை தின்னலாம், அதுவரை தாங்கினால் போதும் என்று தள்ளியிருப்பார். நெஞ்சுக்குள் கிருமியைச் சுற்றி வளைத்துக்கொண்டு நின்ற செல்கள் கேட்டதெல்லாம் உடைசல் முட்டைக்குள் இருந்தது. அது லாரிக்கு ஆகாதது. வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பது.

நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டும்போது நெஞ்சைத் தொட நேர்ந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"உனக்கு அந்த நாத்தம் தெரியலையாக்கா? வேலைக்குப் போகாத மனுசன் மேல எப்படி வரும்னு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்கு அது நாத்தமாடா கதிரு?" என்றாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அதுதான் அவரு வாசம். சீக்குல கெடந்தாலும் மனுசன் இன்னும் மனுசனாத்தான் இருக்கறாருன்னு நெனச்சேன்."

ஊரில் வேறு மாதிரி பேசினார்கள். சட்டி எடுத்த கையோடு ஆத்தா கூட்டிக்கொண்டாள், கொடுத்து வைத்தவர், எத்தனை பேருக்கு இப்படிச் சாவு வரும் என்றார்கள். அக்காள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தனப்பிரியா மட்டும் வந்து, மிச்சமிருந்த மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, போகும்போது வாசலில் ஸ்கூட்டரை உதைக்காமல் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

கருமாதி முடிந்து அன்று மத்தியானம் கறிச்சோறு. பந்தி போடுகிற நேரத்துக்குப் பண்ணை வேன் வந்து நின்றது. மோகன்குமார் இறங்கி, ட்ரே மேல் ட்ரேயாக முட்டையை அடுக்கி எடுத்து வந்தார். புது ட்ரே. வெள்ளை வெளேரென்ற முட்டை. எல்லாம் ஒரே அளவு. மேலே ஒரு தூசு கிடையாது.

"மொதலாளி குடுத்துவுட்டாருங்கக்கா. பந்திக்கு ஆளுக்கு ஒண்ணு வெக்கச் சொன்னாரு. ட்ரே திருப்பித் தர வேண்டாமாம்."

அக்காள் சமையல் பந்தலிலிருந்து எழுந்து வந்தாள். மேல் ட்ரேயிலிருந்து ஒரு முட்டையை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வைத்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள்.

"என்னங்கக்கா தேடறீங்க?"

"ஒடசல் ஒண்ணும் இல்லீங்களா?"

"இல்லீங்கக்கா. எல்லாமே ஏ ஒன் சரக்குங்க. லாரிக்கு ஏத்தறதுல இருந்து எடுத்தது."

"அவரு இந்த மாதிரி தின்னதில்லையே சாமி" என்று சொல்லிவிட்டு, அக்காள் அந்த முட்டையைத் திரும்பக் குழியில் வைத்தாள். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள், சனம் உட்கார்ந்துவிட்டது. சமையல்காரர் அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, எத்தனை வேகவைப்பது என்று கேட்டார்.

"எல்லாத்தையும் போடுங்க" என்றாள் அக்காள். "ஆருக்கும் இல்லீன்னு சொல்லக் கூடாது."